அம்மா சுவரைத் தொட்டுக்கொண்டே நடக்கிறார்: கால் தடுமாறாமல் இருக்க வீட்டில் என்ன பயிற்சி செய்யலாம்?

கேள்வி இதுதான்: "அம்மாவுக்கு 68 வயது. தினமும் அரை மணி நேரம் நடக்கிறார். சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டுக்கும் மாத்திரை உண்டு, கட்டுக்குள்தான் இருக்கிறது. ஆனாலும் வீட்டுக்குள் சுவரைத் தொட்டுக்கொண்டேதான் போகிறார். போன மாதம் குளியலறை வாசலில் தடுமாறி, கதவைப் பிடித்துத் தப்பித்தார். தினமும் நடப்பவருக்கு ஏன் இப்படி? வீட்டிலேயே செய்ய எளிய பயிற்சி ஏதாவது உண்டா? எனக்கு 43. பேன்ட் போட ஒரு காலைத் தூக்கினால் நானும் கட்டிலில் சாய்ந்துகொள்கிறேன். நானும் ஏதாவது செய்ய வேண்டுமா?"

இருபது வருடமாக பிசியோதெரபி செய்துவருகிறேன். "நடக்கத்தான் செய்கிறாரே, பிறகு ஏன்?" என்ற கேள்வியை அடிக்கடி கேட்டிருக்கிறேன், அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன். சமதரையில், நேராக, ஒரே வேகத்தில் நடப்பது அம்மாவின் உடம்புக்கு அறுபது வருடமாக மனப்பாடமான வேலை. அதனால் இதயத்துக்கு நல்லது, சர்க்கரைக்கு நல்லது, மனசுக்கும் நல்லது. ஒரு நாளும் நிறுத்த வேண்டாம். ஆனால் நிலை தவறும் நொடியில் உடம்பை மீட்டுக்கொண்டு வரும் வேலை அந்த அரை மணி நேரத்தில் வருவதே இல்லை. செய்யாத வேலை எப்படிக் கைவரும்?

மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் அமைப்பு 2019-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, முதியவர்களிடம் நடத்தப்பட்ட 108 ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தது. சமநிலைப் பயிற்சியும், உட்கார்ந்து எழுவது போன்ற அன்றாட அசைவுகளும் செய்தவர்கள் விழுவது ஏறத்தாழ 24 சதவீதம் குறைந்திருந்தது. நடை மட்டும் போனவர்களிடம் அப்படித் தெளிவான பலன் தெரியவில்லை. உங்கள் அம்மாவுக்கு நடப்பதும் அதுதான்.

இப்போது ஒரு காரியம் செய்யுங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு சமையல் மேடை ஓரமாக நின்று, ஒரு காலை மெல்லத் தூக்குங்கள். தூக்காத காலைக் குனியாமல் கண்ணால் மட்டும் பாருங்கள். புறங்காலில் நரம்பு போலத் தெரிகிற தசைநாண்கள் மாறி மாறித் துடிக்கும். கட்டைவிரல் தரையை அழுத்தும், விடும், மறுபடி அழுத்தும். கணுக்கால் உள்ளே சாயும், வெளியே சாயும். நீங்கள் அசையாமல் நிற்பதாக நினைத்துக்கொண்டிருப்பீர்கள். கீழே அந்தப் பாதம் ஒரு விநாடிகூட ஓயாமல் உங்களைத் திருத்திக்கொண்டிருக்கும். இந்தத் திருத்தம்தான் சமநிலை. கல் மாதிரி நிற்பவர் என்று யாரும் கிடையாது. சாய்வதும் மீள்வதுமாகவே எல்லோரும் நிற்கிறோம். வயது ஏறும்போது அந்த மீட்சி மெதுவாகிறது, அவ்வளவுதான்.

இதிலிருந்து ஒரு விஷயம் வருகிறது. இந்தப் பதிலில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். ஆட்டமே வராத பயிற்சி, சமநிலைப் பயிற்சி ஆகாது. கொஞ்சம் ஆட வேண்டும், ஆடி மீள வேண்டும், விழக் கூடாது. அந்த மெல்லிய இடைவெளிக்குள்தான் வேலை நடக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்தபடி காலை நீட்டி மடக்கும் பயிற்சியை நிறையப் பேர் வருடக்கணக்கில் செய்கிறார்கள். தசைக்கு நல்லது. தடுமாற்றத்துக்கு அது மட்டும் போதாது.

சுவரைத் தொடும் பழக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அம்மா சுவரில் சாய்கிறாரா, அல்லது விரல் நுனியால் தடவிக்கொண்டு போகிறாரா என்று கவனியுங்கள். பெரும்பாலும் இரண்டாவதாகத்தான் இருக்கும். நாம் எங்கே இருக்கிறோம், எந்தப் பக்கம் சாய்கிறோம் என்ற செய்தி மூளைக்கு மூன்று வழியாக வருகிறது: கண், உள்காது, பிறகு உள்ளங்கால், தசை, மூட்டு. மூன்றில் ஒன்று மங்கினால் மூளை வேறு ஆதாரம் தேடும். எடையைத் தாங்காத அளவுக்கு விரல் நுனியால் மெல்லத் தொட்டாலே உடம்பின் ஆட்டம் குறைகிறது என்பதை 1990-களிலேயே ஆய்வகத்தில் அளந்து காட்டியிருக்கிறார்கள். அதாவது அம்மாவின் கை சுவரிடம் தகவல் கேட்கிறது. பாதத்திலிருந்து வர வேண்டிய தகவல் சரியாக வராமல் இருக்கலாம். சர்க்கரை உள்ளவர் என்பதால் இதை விட்டுவிடாதீர்கள். பாதத்தின் தொடு உணர்வை ஒரு மெல்லிய நைலான் இழையால் ஐந்து நிமிடத்தில் சோதித்துவிடலாம். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது கேட்டு வாங்குங்கள். வைட்டமின் பி12 அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். குறிப்பாக மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையைப் பல வருடமாகச் சாப்பிடுபவர்களுக்கு அது குறையக்கூடும். பி12 குறைந்தாலும் கால் உணர்வு மங்கும்.

குளியலறையில் ஏன் தடுமாறினார் என்பதற்கும் இதிலேயே விடை இருக்கலாம். முகத்தில் சோப்பு போட்டுக் கண்ணை மூடினால் கண் வழியாக வரும் செய்தி நின்றுபோகிறது. தரை ஈரமாக இருக்கிறது, வெளிச்சம் குறைவு. மிச்சம் இருப்பது காதும் காலும்தான். கால் மங்கியிருந்தால் அங்கேதான் தெரியவரும். 19-ஆம் நூற்றாண்டில் மோரிட்ஸ் ரோம்பர்க் என்ற ஜெர்மன் மருத்துவர் இதையே ஒரு சோதனையாக எழுதிவைத்தார். கால்களைச் சேர்த்து நின்று கண்ணை மூடும்போது ஆட்டம் திடீரென்று கூடினால் காலிலிருந்து வரும் உணர்வில் குறை இருக்கிறது என்று அர்த்தம். இன்றைக்கும் நரம்பியல் மருத்துவர்கள் அந்தச் சோதனையைச் செய்கிறார்கள்.

பயிற்சி தொடங்குவதற்கு முன் சில விஷயங்களைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். படுத்துத் திரும்பும்போது அறையே சுற்றுவது போல இருந்தால் அது உள்காதுச் சிக்கலாக இருக்கலாம். அதற்குத் தனி சிகிச்சை இருக்கிறது, இந்தப் பயிற்சிகளால் சரியாகாது. எழுந்து நின்றதும் கண் இருட்டினால், படுத்திருக்கும்போதும் நின்ற மூன்று நிமிடத்துக்குள்ளும் ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் மாத்திரையின் அளவையோ நேரத்தையோ மருத்துவர் மாற்ற வேண்டியிருக்கும். தூக்க மாத்திரை சாப்பிடுகிறாரா என்றும் பாருங்கள். விழுவதற்கு அது பெரிய காரணம், ஆனால் யாரும் சொல்ல மாட்டார்கள். ஒரு வருடத்தில் இரண்டு முறை விழுந்தவர்கள், மயங்கி விழுந்தவர்கள், திடீரென்று ஒரு பக்கம் பலம் குறைந்தவர்கள் எல்லாம் முதலில் மருத்துவரிடம் போக வேண்டும். பயிற்சி பிறகுதான்.

இனி அம்மா இப்போது எந்த இடத்தில் இருக்கிறார் என்று பாருங்கள். வெறுங்காலோடு, சமையல் மேடைக்கு அருகில், பின்னால் ஒரு கனமான நாற்காலி போட்டு நிற்கட்டும். முதலில் இரண்டு பாதத்தையும் ஒட்டிவைத்துப் பத்து விநாடி. அடுத்து ஒரு பாதத்தை அரைப் பாதம் முன்னால் நகர்த்தி, அதன் உள்பக்கம் மற்றக் காலின் கட்டைவிரலைத் தொடும்படி வைத்துப் பத்து விநாடி. மூன்றாவதாக, ஒரு குதிகாலுக்கு நேர் பின்னால் மற்றக் காலின் விரல்கள், கயிற்றின் மேல் நிற்பது போல. நான்காவது ஒற்றைக் கால். கை மேடையைத் தொடக் கூடாது, ஆனால் தொடும் தூரத்தில் இருக்க வேண்டும். மூன்றாவது நிலையில் பத்து விநாடி நிற்க முடியாவிட்டால் விழும் ஆபத்து அதிகம் என்றுதான் முதியோர் சிகிச்சையில் எடுத்துக்கொள்கிறோம். எந்த நிலையில் எத்தனை விநாடி நின்றார் என்று தேதியோடு ஒரு தாளில் எழுதி வையுங்கள். ஆறு வாரம் கழித்து அந்தத் தாளைக் காட்டினால் அம்மாவின் முகத்தில் வரும் சந்தோஷத்தை நீங்களே பார்ப்பீர்கள்.

இந்த நான்கு நிலைகளே முதல் பயிற்சி. எந்த நிலையில் ஆட்டம் தொடங்குகிறதோ அங்கேதான் அம்மா நிற்க வேண்டும். எளிதாக நிற்க முடிகிற நிலையில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். முதலில் இரண்டு கையும் மேடையில் இருக்கட்டும். பிறகு ஒரு கை. பிறகு இரண்டு விரல், ஒரு விரல், கடைசியாக விரல் மேடைக்கு மேலே ஓர் அங்குலம் உயரத்தில். கையைப் படிப்படியாக விடுவதை நான் எவ்வளவு வலியுறுத்தினாலும் போதாது. பிடியை இறுக்கமாக வைத்துக்கொண்டு ஒற்றைக் காலில் இரண்டு நிமிடம் நிற்பதைவிட, ஒரு விரலோடு எட்டு விநாடி ஆடி நிற்பது மேல். ஒவ்வொரு பக்கமும் பத்து முதல் முப்பது விநாடி, மூன்று நான்கு தடவை போதும். ஒரு கால் மற்றதைவிட மோசமாக இருக்கும், பயப்பட வேண்டாம், எல்லோருக்கும் அப்படித்தான். பார்வை எதிர்ச் சுவரில் கண் மட்டத்தில் ஒரு புள்ளியில் இருக்கட்டும். தரையைப் பார்த்தால் தலை முன்னால் போகும், உடம்பும் கூடவே போகும். மூச்சை அடக்க வேண்டாம். நிறையப் பேர் தங்களுக்கே தெரியாமல் அடக்கிக்கொள்கிறார்கள். அதற்காகவே நான் அவர்களை விநாடியை வாய்விட்டு எண்ணச் சொல்வேன்.

ஒற்றைக் காலில் நிற்பது சர்க்கஸ் வேலை என்று அம்மா சொல்லலாம். நடக்கும்போது ஒவ்வொரு காலும் மாறி மாறித் தரையைவிட்டு எழும்புகிறது அல்லவா? கணக்குப் பார்த்தால், நடக்கும் நேரத்தில் ஏறத்தாழ 80 சதவீதம் நாம் ஏதோ ஒரு காலில்தான் நிற்கிறோம். இரண்டு பாதமும் சேர்ந்து தரையில் இருப்பது மிச்சம் உள்ள 20 சதவீத நேரம் மட்டும். ஒற்றைக் காலில் நிற்கத் தயங்குபவர் நடக்கும்போது அந்த நேரத்தைக் குறைக்கப் பார்ப்பார். அடி குட்டையாகும், பாதம் தரையைத் தேய்க்கும், கால்கள் அகலும். வயதானவர்களின் நடை என்று நாம் பழகிப்போன நடை பெரும்பாலும் இப்படித்தான் உருவாகிறது.

நிற்பது எளிதானதும் தலையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அதே நிலையில் நின்று தலையை மெல்ல இடது, வலது, பிறகு மேலே, கீழே. உள்காதில் ஒவ்வொரு பக்கமும் மூன்று அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன. தலை திரும்பும்போது அதற்குள் இருக்கும் திரவம் நகர்ந்து செய்தி அனுப்புகிறது. தலையை அசைக்காமலே பயிற்சி செய்தால் அந்தப் பகுதிக்கு வேலை கிடைப்பதில்லை. தெருவைக் கடக்கும்போது இரண்டு பக்கமும் திரும்பிப் பார்க்கிறோமே, அந்தத் திருப்பத்தில்தான் சிலருக்குக் கால் பின்னும். கண்ணை மூடி நிற்பது இதைவிடக் கடினம். இரண்டு காலும் ஊன்றி, அறை மூலையில் முதுகு சுவரை நோக்கி, முன்னால் நாற்காலியோடு, நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். பாத உணர்வு குறைந்திருக்கிறது என்று சோதனையில் தெரிந்தால் இதை வீட்டில் செய்யவே வேண்டாம்.

இரண்டாவது, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுவது. எனக்கு ஒரே ஒரு பயிற்சிதான் சொல்ல அனுமதி என்றால் இதையே சொல்வேனோ என்று பலமுறை யோசித்திருக்கிறேன். தொடையும் பிட்டமும்தான் நிலை தவறும்போது நம்மைத் தாங்கிப் பிடிக்கும் பெரிய தசைகள். அவை தளர்ந்துவிட்டால் பாதம் எவ்வளவு சரியாகச் செய்தி அனுப்பினாலும் பயனில்லை. சக்கரமும் கைப்பிடியும் இல்லாத, சுவரில் ஒட்டிப் போட்ட நாற்காலி. பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இழுத்துக்கொள்ள வேண்டும். இது தெரியாமல்தான் பலர் கஷ்டப்படுகிறார்கள். மூக்கு கால்விரலுக்கு மேலே வரும்வரை முன்னால் சாய்ந்து, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு எழ வேண்டும். எழுவதைவிட உட்காருவதைக் கவனியுங்கள். மூன்று எண்ணும்வரை மெல்ல இறங்கட்டும், தொப்பென்று விழக் கூடாது. எட்டு முதல் பத்து தடவை, சற்று ஓய்வு, மறுபடி ஒரு சுற்று. முடியாவிட்டால் இருக்கையில் கெட்டியான தலையணை போட்டு உயர்த்திக்கொள்ளலாம், வாரத்துக்கு வாரம் உயரத்தைக் குறைக்கலாம். இதையும் அளக்க முடியும். 65 முதல் 69 வயதுப் பெண்கள் 30 விநாடியில் 11 தடவைக்குக் குறைவாக எழுந்தால் சராசரிக்குக் கீழே என்று கணக்கு. முட்டி தேய்மானம் இருக்கிறது என்று இதைத் தவிர்க்கப் பார்ப்பார்கள். கூர்மையான வலி வராத உயரத்தில் செய்தால் முட்டிக்கும் நல்லதே.

குதிகாலைத் தூக்குவதும் விரல்களைத் தூக்குவதும் சின்னப் பயிற்சிகள். மேடையைத் தொட்டுக்கொண்டு இரண்டு குதிகாலையும் உயர்த்தி, இரண்டு விநாடி நின்று, மெல்ல இறக்க வேண்டும். பிறகு குதிகாலில் நின்று முன்பாதத்தைத் தூக்க வேண்டும். இந்த இரண்டாவதை யாரும் செய்வதில்லை, எனக்கு வருத்தமாகவே இருக்கும். நடக்கும்போது பாதம் முன்னால் வீசும் நேரத்தில் கால்விரலுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி ஒன்று இரண்டு சென்டிமீட்டர்தான். முன்கால் தசை தளர்ந்தால் அதுவும் குறையும். மிதியடி ஓரத்திலும் வாசற்படியிலும் இடறுவது அதனால்தான். பத்து தடவை போதும், பல் விளக்கும் நேரத்தில் முடிந்துவிடும்.

அடுத்து அசைவு. சமையல் மேடை நீளத்துக்குப் பக்கவாட்டில் நடக்கச் சொல்லுங்கள். நண்டு போல, பாதம் நேராக முன்னால் பார்த்திருக்க வேண்டும். பக்கவாட்டில் விழுவதுதான் இடுப்பு எலும்பு முறிவுக்கு முக்கியக் காரணம். அதைத் தடுக்கும் தசைகள் இடுப்பின் ஓரத்தில் இருக்கின்றன, நேராக நடக்கும்போது அவற்றுக்கு இவ்வளவு வேலை கிடைப்பதில்லை. பிறகு மேடையை ஒரு கையால் தொட்டபடி பின்னால் நடப்பது. பிறகு ஒரு காலின் விரலுக்கு நேர் முன்னால் மற்றக் காலின் குதிகாலை வைத்து, ஒரு கோட்டின் மேல் நடப்பது போலப் பத்து அடி.

திரும்புவதைத் தனியாகவே சொல்ல வேண்டும். என்னிடம் வந்த ஓர் அம்மா நேராக நடந்தால் குறையே தெரியாது. அறையின் கோடி வரை போனார், அழகாக நடந்தார். அங்கே திரும்பும்போது இடது பாதத்தைத் தூக்காமல் அப்படியே தரையில் வைத்துத் திருகினார், வலது கால் அதன் மேல் குறுக்கே வந்து மாட்டியது. வீட்டில் மூன்று முறை விழுந்ததும் அடுப்பிலிருந்து மேஜைக்குத் திரும்பும்போதுதான் என்று பிறகு சொன்னார். அவருக்கு நான் கொடுத்த முக்கியமான பயிற்சி இதுதான்: நின்ற இடத்திலேயே கடிகாரம் போல முழு வட்டம், ஒவ்வொரு அடியிலும் பாதத்தைத் தூக்கி வைத்து, எட்டு சின்ன அடிகளில். முதலில் வலப்பக்கம், கொஞ்சம் நின்று, பிறகு இடப்பக்கம். பாதம் தரையைவிட்டு எழும்பும் சத்தம் கேட்க வேண்டும் என்று சொல்வேன். இரண்டு மாதத்தில் அவருடைய திருப்பம் மாறிவிட்டது. உங்கள் அம்மாவும் குளியலறை வாசலில் திரும்பும்போதுதான் தடுமாறினாரா என்று கேட்டுப் பாருங்கள்.

இதெல்லாம் ஒரு மாதம் கைவந்த பிறகு வேகம் சேர்க்க வேண்டும். நிலை தவறும்போது மெதுவாக யோசித்துக் கால் வைக்க நேரம் கிடைக்காது. ஓர் அடி, சட்டென்று, சரியான திசையில் விழ வேண்டும். பயிற்சிக்குத் தரையில் ஒரு கடிகார முகம் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அம்மா நடுவில், ஒரு கை மேடைமேல். நீங்கள் "மூன்று" என்றதும் வலது கால் வலப்பக்கம் எட்டி வைத்து, எடையை அதில் போட்டு, திரும்ப வர வேண்டும். "பன்னிரண்டு" என்றால் முன்னால், "ஆறு" என்றால் பின்னால், "ஒன்பது" என்றால் இடது கால் இடப்பக்கம். வரிசையாகச் சொல்லாமல் மாற்றி மாற்றிச் சொல்லுங்கள். பேரப் பிள்ளைகள் இருந்தால் எண் சொல்லும் வேலையை அவர்களிடம் கொடுங்கள். பாட்டி தவறு செய்யும்போது அவர்கள் சிரிப்பார்கள், பாட்டியும் சிரிப்பார், பயிற்சி நடப்பதே தெரியாது.

பேச்சையும் சேர்க்கலாம். 1997-இல் ஸ்வீடனில் ஒரு முதியோர் இல்லத்தில் எளிமையாக ஒன்றைக் கவனித்தார்கள்: கூட நடக்கும்போது பேச்சுக் கொடுத்தால் நின்று பதில் சொல்பவர்கள், நடந்துகொண்டே பேசுபவர்களைவிட அடுத்த ஆறு மாதத்தில் அதிகமாக விழுந்தார்கள். நடைக்கே முழுக் கவனமும் செலவாகிறது என்பதன் அடையாளம் அது. அதனால் மேடை ஓரமாக நடக்கும்போது நூறிலிருந்து மூன்று மூன்றாகக் குறைத்துச் சொல்லச் சொல்லுங்கள், அல்லது பழைய கதை ஒன்றைக் கேளுங்கள். இது நன்றாக நடக்க வந்த பிறகுதான், முதல் வாரத்திலேயே வேண்டாம்.

எவ்வளவு நாள், எவ்வளவு நேரம்? 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் வாரத்தில் மூன்று நாளாவது சமநிலையும் தசை வலிமையும் சேர்ந்த பயிற்சி செய்ய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட பரிந்துரை. சமநிலைக்குச் சவால் விடும் பயிற்சி வாரத்துக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் போகும்போது பலன் அதிகம் என்றும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மூன்று மணி நேரம் என்றதும் மலைக்க வேண்டாம். ஆஸ்திரேலியாவில் லிண்டி கிளெம்சன் குழு 2012-இல் ஒரு சோதனை செய்தது. தனியாகப் பயிற்சி நேரம் ஒதுக்காமல், அன்றாட வேலைக்குள்ளேயே இந்த அசைவுகளைக் கலந்துவிட்டார்கள். பாத்திரம் கழுவும்போது ஒரு பாதத்தை மற்றதன் முன் வைத்து நிற்பது, கீழே இருக்கும் பொருளை முழங்கால் மடக்கி எடுப்பது, பல் விளக்கும்போது ஒற்றைக் கால். 70 வயதுக்கு மேற்பட்ட, முன்பே விழுந்த அனுபவம் உள்ளவர்களிடம் விழுதல் 31 சதவீதம் குறைந்தது. எனக்கு இந்த முறை மிகவும் பிடிக்கும். அட்டவணை போட்டால் மூன்றாம் வாரம் விட்டுவிடுவார்கள். பல் விளக்குவதை யாரும் விடுவதில்லை.

ஆறு எட்டு வாரத்தில் மாற்றம் தெரிய ஆரம்பிக்கும். நிறுத்தினால் போய்விடும் என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். மெதுவான அசைவுகளால் ஆன தாய் சீ என்ற சீனப் பயிற்சியைக் கற்றுக்கொடுக்கும் இடம் அருகில் இருந்தால் அதுவும் நல்ல வழி, அதற்கும் ஆய்வுச் சான்று இருக்கிறது.

உங்களுக்கும் கேட்டிருந்தீர்கள். ஆம், இப்போதே தொடங்குங்கள். 2022-இல் பிரேசிலில் 51 முதல் 75 வயதுள்ள 1,702 பேரை ஒற்றைக் காலில் பத்து விநாடி நிற்கச் சொன்ன ஆய்வு வெளியானது. ஐந்தில் ஒருவரால் முடியவில்லை. முடியாதவர்கள் அடுத்த ஏழு வருட அளவில் இறக்கும் வாய்ப்பு, வயதையும் மற்ற நோய்களையும் கணக்கில் எடுத்த பிறகும், 84 சதவீதம் அதிகமாக இருந்தது. இதை வைத்து ஒற்றைக் காலில் நின்றால் ஆயுள் கூடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், ஆய்வு அதைச் சொல்லவில்லை. உடம்பின் பொதுவான தெம்பை அந்தப் பத்து விநாடி காட்டிக்கொடுக்கிறது, அதைத்தான் சொல்கிறது. 43 வயதில் உங்களுக்குச் சரிசெய்ய நிறையக் காலம் இருக்கிறது. பேன்ட் போடும்போது கட்டிலில் சாய்வதற்குப் பதிலாக, சுவர் ஒரு கை தூரத்தில் இருக்கும்படி நின்று போடுங்கள். முதல் வாரம் நாலு தடவை தொடுவீர்கள். தினமும் இரண்டு கால், வருடத்துக்கு எழுநூறு தடவைக்கு மேல் பயிற்சி ஆகிவிடும்.

வீட்டில் செய்ய வேண்டியவை உங்களுக்கே தெரியும்: குளியலறையில் பிடிகம்பி, இரவில் சின்ன விளக்கு, விளிம்பு மடங்கிய மிதியடியை அகற்றுவது, தொளதொள செருப்புக்குப் பதில் குதிகாலைப் பிடிக்கும் செருப்பு. தூரத்துக்கும் கிட்டத்துக்கும் சேர்ந்த கண்ணாடி அணிகிறார் என்றால் படி இறங்கும்போது கீழ்ப்பகுதி வழியாகப் பார்த்துப் படியின் ஓரம் மங்கலாகத் தெரியும், அதைக் கண் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

அதைவிட முக்கியமாக உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். "பார்த்து, பார்த்து" என்று அம்மா எழும்போதெல்லாம் சொல்லாதீர்கள். அன்பில்தான் சொல்கிறீர்கள். ஆனால் கதவைப் பிடித்துத் தப்பித்த அந்த நாளிலிருந்து அவருக்குள் பயம் ஏற்கெனவே இருக்கும். பயம் வந்தால் உடம்பு விறைக்கும், வெளியே போவது குறையும், குறைந்தால் தசை தளரும், தளர்ந்தால் தடுமாற்றம் கூடும். பயிற்சியின்போது கையைப் பிடிக்காமல், அவருக்குச் சற்றுப் பின்னால் ஒரு பக்கமாக நில்லுங்கள். உங்கள் கை அவர் இடுப்புக்கு அருகில், தொடாமல் இருக்கட்டும். ஆடும்போது உடனே பிடித்துவிடாதீர்கள். ஒரு கணம் பொறுங்கள், அவர் தானாக மீளட்டும். மீண்ட பிறகு அவரே உங்களைத் திரும்பிப் பார்ப்பார்.

கடைசியாக, விழுந்தால் எழுவதையும் பழக்கிவையுங்கள். எத்தனை கவனமாக இருந்தாலும் யாரும் விழலாம். எழத் தெரியாமல் தரையிலேயே பல மணி நேரம் கிடப்பது விழுந்ததைவிடக் கெடுதல் செய்யும். தெம்பு வந்ததும், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது, கனமான விரிப்பில் மெல்ல உட்கார்ந்து படுக்கட்டும். முதலில் அசையாமல் மூச்சுவிட்டு எங்கேயாவது வலிக்கிறதா என்று பார்க்க வேண்டும். இடுப்பில் பலத்த வலி இருந்தாலோ காலை அசைக்க முடியாவிட்டாலோ எழ முயலாமல் ஆளைக் கூப்பிட வேண்டும். வலி இல்லையென்றால் ஒரு பக்கமாகப் புரண்டு, முழங்கையை ஊன்றி, பிறகு கைகளும் முழங்கால்களும் தரையில் படும்படி வந்து, அப்படியே தவழ்ந்து உறுதியான ஒரு நாற்காலி வரை போக வேண்டும். இரண்டு கையையும் இருக்கையில் ஊன்றி, பலமான காலின் பாதத்தை முன்னால் தரையில் வைத்து, கையாலும் அந்தக் காலாலும் தள்ளி எழுந்து, திரும்பி இருக்கையில் உட்கார வேண்டும். உட்கார்ந்ததும் உடனே நிற்க வேண்டாம், இரண்டு நிமிடம் அப்படியே இருக்கட்டும்.